குறைந்த செலவில் கிட்டார் பெடல்போர்டு செய்வது எப்படி

கிட்டாரின் சத்தத்தை மாற்ற, காலால் மிதித்து இயக்கும் சிறிய பெட்டிதான் பெடல். பல பெடல்களை ஒன்றாக அடுக்கி வைக்கும் பலகை பெடல்போர்டு. பெடல் ஒன்றே ஒன்று இருக்கும்வரை தொல்லை இல்லை. பையில் போட்டு எடுத்துப் போய், தரையில் வைத்து மிதித்துவிட்டு வந்துவிடலாம். இரண்டாவது வந்தவுடன் நடுவில் ஒரு வயர் வேண்டும். நான்காவது வரும்போது நான்கு அடாப்டர், அவற்றைச் செருக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட வயர்கள் என்று பாதிப் பை நிறைந்திருக்கும். எட்டு மணி ஆராதனைக்கு ஏழரைக்கே போய்க் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செருகுவோம். அதற்குள் பாடகர் குழு எழுந்து நின்றுவிடும். கடைசியில் கிட்டாரில் சத்தம் வராது. ஐந்து வயரில் எது போயிற்று என்று தேட நேரமும் இருக்காது.

நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். ஞாயிறு காலை தமிழ்ச் சபையில் வாசிக்கிறேன், முகூர்த்த நாட்களில் லைட் மியூசிக் குழுவோடு கல்யாண வரவேற்புகளுக்குப் போகிறேன். இதுவரை எனக்கும் நண்பர்களுக்குமாக நான்கு போர்டு செய்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கடையில் விற்கும் அலுமினிய போர்டின் விலையைப் பார்த்துத் தயங்குகிறார்கள், அல்லது அதை வாங்கிவிட்டு மலிவான வயரும் கைக்குக் கிடைத்த அடாப்டரும் போட்டு அவதிப்படுகிறார்கள். பலகை என்பது பெடல்கள் நகராமல் இருக்க ஒரு மேடை, அவ்வளவுதான். அது பழைய அலமாரிக் கதவாக இருந்தாலும் உங்கள் சத்தம் மாறப்போவதில்லை. சத்தத்தைக் கெடுப்பது மின்சாரமும் வயரும். இருக்கிற பணத்தை அந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள், பலகையை நாமே செய்துகொள்வோம்.

தரையில் தாள் விரித்து அளவெடுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, உங்களிடம் இருக்கும் பெடல்களை அதன்மேல் அடுக்குங்கள். இனி வாங்கப் போவது உறுதி என்றால் அந்த அளவுக்கு அட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் (Boss) நிறுவனத்தின் சிறிய பெடல்கள் 1977-ல் வரத் தொடங்கின. அந்த வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை: அகலம் 73 மில்லிமீட்டர், நீளம் 129 மில்லிமீட்டர். நம் ஊரில் புழங்கும் பெடல்களில் பல இதற்கு அருகில்தான் இருக்கும். காலால் முன்னும் பின்னும் சாய்த்து ‘வா வா’ என்று ஒலிக்கச் செய்யும் வா பெடல் மட்டும் பெரியது, ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் வரும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஐந்து பாஸ் அளவுப் பெடல், ஒரு வா. பின்வரிசையில் மூன்று, முன்வரிசையில் இரண்டு, வலது ஓரத்தில் இரண்டு வரிசையையும் அடைத்துக்கொண்டு வா. மூன்று பெடலுக்கு 219 மில்லிமீட்டர். பெடலுக்குப் பெடல் இடைவெளி 30 மில்லிமீட்டராவது வேண்டும், ஏனென்றால் பக்கவாட்டில் ஜாக் செருகியிருக்கும். இரண்டு இடைவெளிக்கு 60. அப்புறம் வாவுக்கு முன் ஒரு 30, வாவுக்கு 102, இரண்டு ஓரத்துக்கும் 20, 20. மொத்தம் 451. பலகையை 50 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டினால் கொஞ்சம் தாராளமாக இருக்கும். ஆழம் 30 சென்டிமீட்டர்.

அடுக்கிவிட்டு அதன் முன்னால் நின்று, கிட்டாரை மாட்டிக்கொண்டு, பாட்டு வாசிப்பதுபோல மிதித்துப் பாருங்கள். இதைத் தவறாமல் செய்யுங்கள். உட்கார்ந்து பார்க்கும்போது அழகாகத் தெரியும் இடைவெளி, நின்று மிதிக்கும்போது போதாது. ஷூ போட்டு ஒரு தடவை, வெறுங்காலில் ஒரு தடவை. நம் சபைகளில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் மேடை ஏறுகிறோம், வெறுங்காலுக்கு பெடல் சுவிட்ச் எவ்வளவு கடினம் என்பது அப்போதுதான் தெரியும். அடிக்கடி மிதிப்பது முன்வரிசையில், பாட்டு முழுக்க ஓடிக்கொண்டிருப்பது பின்வரிசையில். இடம் பிடித்துவிட்டதும் மேலே நின்று ஒரு போட்டோ எடுத்து, தாளில் பேனாவால் ஒவ்வொன்றையும் சுற்றி வரைந்துவிடுங்கள்.

இன்னொரு அளவு, நீங்கள் எதில் போகிறீர்கள் என்பது. ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிற்க வேண்டுமா, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டுமா? 50-க்கு 30 எனக்கு ஸ்கூட்டரில் சரியாக நிற்கிறது. அதைவிடப் பெரிதாகச் செய்த நண்பர் ஒருவர் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஆட்டோ பிடிக்கிறார்.

பலகை

12 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். முழு ஷீட் வாங்க வேண்டாம். தெருவில் எங்காவது மாடுலர் கிச்சன் வேலை நடந்துகொண்டிருக்கும், அங்கே வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடக்கும். அங்கிருக்கும் கார்ப்பென்டரிடம் கேளுங்கள். பெங்களூரில் பல வேலையிடங்களில் தமிழ் பேசும் ஆட்கள் இருப்பார்கள், கன்னடமோ இந்தியோ நாலு வார்த்தை தெரிந்தாலும் போதும். அளவை எழுதிக் கொடுத்தால் அவர்கள் மெஷினில் ஐந்து நிமிஷத்தில் நேராக வெட்டித் தந்துவிடுவார்கள். கைரம்பத்தில் நாமே வெட்டினால் கோணல் வரும், நேரமும் போகும்.

முழுப் பலகையாக வைக்காமல் 50-க்கு 13 சென்டிமீட்டரில் இரண்டு பட்டைகள் வெட்டச் சொல்லுங்கள். நடுவில் 4 சென்டிமீட்டர் இடம் விட்டால் மொத்த ஆழம் 30 வந்துவிடும், வயர்களைக் கீழே இறக்க வழியும் கிடைக்கும். இந்த இரண்டு பட்டைகளையும் தாங்க இரண்டு பக்கமும் சரிவான கட்டை வேண்டும். அதற்கு ஒரு எளிய வழி உண்டு. 30-க்கு 9 சென்டிமீட்டரில் ஒரே ஒரு துண்டு எடுங்கள். இடது ஓரத்தில் கீழிருந்து 2 சென்டிமீட்டரில் ஒரு புள்ளி, வலது ஓரத்தில் கீழிருந்து 7 சென்டிமீட்டரில் ஒரு புள்ளி. இரண்டையும் கோட்டால் இணைத்து வெட்டினால், முன்னால் 2, பின்னால் 7 உயரமுள்ள இரண்டு கட்டைகள் கிடைக்கும். ஒரே வெட்டில் வந்ததால் இரண்டும் ஒரே சரிவாக இருக்கும், போர்டு ஆடாது. இந்தப் பக்கக் கட்டைகளுக்கு மட்டும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் கிடைத்தால் நல்லது, ஸ்குரூ பிளக்காமல் ஏறும். சரிவு பத்து டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வரும். பின்வரிசைக்குக் கால் எட்ட அது போதும், பின்பக்கம் அடியில் அடாப்டர் வைக்கவும் இடம் கிடைக்கும்.

பிளைவுட்டுக்குப் பதில் பழைய பேலட் பலகையும் ஆகும். பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு அது எளிதில் கிடைக்கும். ஆனால் கட்டையில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். ஜன்னல் அலுமினியம் செக்ஷன் வேலை செய்யும் கடையில் துண்டுகளை எடைக்குத் தருவார்கள். அதில் செய்தால் எடை குறையும், ஆனால் துளை போட டிரில் வேண்டும்.

ஸ்குரூ போடும் இடத்தில் முதலில் சிறிய துளை போடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் பிளந்துவிடும். ஸ்குரூத் தலை பலகைக்குள் அமிழ வேண்டும். உப்புத்தாளால் முதலில் 120 நம்பர், பிறகு 220 நம்பர் என்று தேயுங்கள். ஓரங்களை நன்றாக மழுக்குங்கள், வெறுங்கால் படும் இடம். ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் கறுப்பு பெயின்ட். மழை நாளாக இருந்தால் இரண்டு முழு நாள் காயவிடுங்கள். ஈரப் பெயின்ட்மேல் ஒட்டினால் வெல்குரோ பெயின்ட்டோடு உரிந்து வந்துவிடும்.

மின்சாரம்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். பெடல் கெட்டுப்போவதும் இரைச்சல் வருவதும் பெரும்பாலும் இங்கேதான்.

ஒவ்வொரு பெடலின் பவர் ஓட்டைக்குப் பக்கத்திலும் பெரும்பாலும் மூன்று விஷயம் எழுதியிருக்கும். முதலாவது வோல்ட். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டி.சி. இரண்டாவது துருவம். நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமும் போட்ட சிறிய படம் இருக்கும். புள்ளியோடு மைனஸ் சேர்ந்திருந்தால் நடு ஊசிக்கு மைனஸ் வர வேண்டும் என்று அர்த்தம். கிட்டார் பெடல்கள் அநேகமாக எல்லாமே இப்படித்தான். ஆனால் வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர் எல்லாம் பொதுவாக நடுவில் பிளஸ், அதுவும் 12 வோல்ட். பிளக் மட்டும் அதே 2.1 மில்லிமீட்டர் அளவில் அழகாகப் பொருந்திவிடும். பொருந்துகிறதே என்று செருகினால் பெடல் போய்விடும். எங்கள் குழுவில் எதிரொலி தரும் டிலே பெடல் ஒன்று அப்படித்தான் போயிற்று, ஒத்திகை தொடங்கி இரண்டாவது நிமிஷத்தில். அதனால் அடாப்டரை பெடலில் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, சிவப்பு முனையை பிளக்கின் உள்ளேயும் கறுப்பு முனையை வெளியேயும் வையுங்கள். எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வந்தால் நடு மைனஸ், நமக்குச் சரி.

மூன்றாவது மில்லி ஆம்பியர். இதில் புதியவர்கள் குழம்புகிறார்கள். வோல்ட் கூடினால் ஆபத்து. ஆம்பியர் கூடினால் ஒன்றும் ஆகாது. மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி இருக்கிறது என்பதற்காகக் குழாயைத் திறந்தவுடன் ஆயிரமும் கொட்டிவிடாது, திறந்த அளவுதான் வரும். 2000 மில்லி ஆம்பியர் அடாப்டரில் 10 மில்லி ஆம்பியர் பெடலைத் தாராளமாகப் போடலாம். குறைவாக இருந்தால்தான் சிக்கல். டிலே நின்று நின்று வரும், சுருதி பார்க்கும் டியூனர் மங்கும்.

எல்லாப் பெடலின் மில்லி ஆம்பியரையும் கூட்டுங்கள். சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் போன்ற அனலாக் (டிஜிட்டல் சிப் இல்லாத) பெடல்கள் பெரும்பாலும் 5 முதல் 20-க்குள் முடித்துக்கொள்ளும். டிஜிட்டல் டிலே, பெரிய மண்டபத்தின் முழக்கம் தரும் ரிவர்ப் எல்லாம் 50-லிருந்து 100, சில அதற்கும் மேல். பல பெடல்களின் வேலையை ஒரே பெட்டியில் செய்யும் சிறிய மல்டி எஃபெக்ட்ஸ் என்றால் 200-ஐயும் தாண்டும். வந்த தொகையைப் போல இரண்டு மடங்கு தரக்கூடிய அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள்.

இனி அதைப் பிரித்துக் கொடுப்பது. மலிவான வழி டெய்சி செயின்: ஒரு அடாப்டர், அதிலிருந்து வரிசையாக ஐந்தாறு பிளக் தொங்கும் வயர். அனலாக் பெடல்கள் மட்டும் இருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும். கூட ஒரு டிஜிட்டல் பெடல் சேர்ந்தவுடன் கொசு பாடுவதுபோல மெல்லிய கீச்சொலி வரும். காரணம், டிஜிட்டல் பெடலுக்குள் சிப்பை இயக்கும் கிளாக் துடிப்பின் சத்தம் பொதுவான பவர் வயர் வழியாக மற்ற பெடல்களுக்குள் கசிகிறது. பெடல்களின் கிரவுண்டு ஏற்கனவே பேட்ச் கேபிள் (பெடலுக்குப் பெடல் போகும் குட்டி வயர்) வழியாக இணைந்திருக்கிறது, பவர் வயர் வழியாக இன்னொரு முறையும் இணையும்போது ஒரு வளையமாகிவிடுகிறது, அதில் உறுமலும் ஏறுகிறது.

இதற்கு முழுமையான தீர்வு ஐசொலேட்டட் பவர் சப்ளை. ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனி. நல்லதுதான், ஆனால் விலை அதிகம். இப்போதைக்கு நான் செய்வது நடுவழி: அனலாக் பெடல்கள் எல்லாம் ஒரு டெய்சி செயினில், டிஜிட்டல் பெடலுக்கு மட்டும் தனி அடாப்டர். முக்கால்வாசி இரைச்சல் இதிலேயே போய்விடும். பிறகு பணம் சேரும்போது முதலில் வாங்க வேண்டியது ஐசொலேட்டட் சப்ளைதான், இன்னொரு ஓவர்டிரைவ் அல்ல. ஒரு விதிவிலக்கு: ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட சில பழைய மாதிரி ஃபஸ் பெடல்கள் (முரட்டுக் கரகரப்பு தருபவை) பாசிட்டிவ் கிரவுண்டு, அதாவது மற்றவற்றுக்கு நேர்மாறாக அவற்றில் பிளஸ்தான் கிரவுண்டு. அதை டெய்சி செயினில் மற்றவற்றோடு சேர்த்தால் ஷார்ட் ஆகும். அதற்குத் தனி பேட்டரி போடுங்கள்.

230 வோல்ட் பக்கத்தில் எதையும் நீங்களாகச் செய்ய வேண்டாம். ரெடிமேடாகக் கிடைக்கும் மூன்று பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வாங்கிப் பின்பக்கம் அடியில் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் சாக்கெட்டில் செருகும் பழக்கம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. அது உயிரோடு விளையாடுவது. பழைய மண்டபங்களில் எர்த் சரியாக இருக்காது. கிட்டார் ஒரு லைனிலும் மைக் சிஸ்டம் வேறொரு லைனிலும் இருந்தால், கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிக்கும். பையில் ஒரு டெஸ்டர் வைத்திருங்கள். வாசிக்கும் முன் கிட்டார் கம்பியிலும் மைக் வலையிலும் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சவுண்டு அண்ணனைக் கூப்பிட்டு, சரிசெய்த பிறகு தொடுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பேட்ச் கேபிள்

ஆறு பெடலுக்கு நடுவில் ஐந்து வயர், பத்து ஜாக். ஒன்று கெட்டாலும் எல்லாம் அமைதி. ரெடிமேடாகக் கிடைக்கும் வண்ண வண்ண மலிவு பேட்ச் கேபிள்களில் ஜாக்கை ரப்பரால் வார்த்து மூடியிருப்பார்கள், கெட்டால் திறந்து சரிசெய்ய முடியாது. நாமே சால்டர் செய்தால் நீளமும் நமக்கு வேண்டிய அளவில் கிடைக்கும், கெட்டாலும் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும்.

சாமான்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு. அல்சூரிலிருந்து பர்ப்பிள் லைனில் மெஜஸ்டிக், அங்கே கிரீன் லைன் மாறி அடுத்த ஸ்டேஷன் சிக்பேட்டை, அப்புறம் நடை. கடையில் ‘கிட்டார் ஜாக்’ என்றால் சிலர் விழிப்பார்கள். ‘பி-38 மோனோ’ என்று கேளுங்கள், 6.35 மில்லிமீட்டர் ஜாக்குக்கு அங்கே அதுதான் பெயர். மெட்டல் மூடி உள்ளதாக, வளைந்த தலையோடு கிடைத்தால் இடம் மிச்சம். வயர் ஒற்றைக் கோர் ஷீல்டு வயர் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிக் கம்பி இழைகளாலான ஷீல்டு), இரண்டு மீட்டர். பின்னலாக நெருக்கமாக இருக்கும் ஷீல்டு நல்லது, நாலு இழை சுற்றியது வேண்டாம். 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயக் கம்பி, ஒரு சாதாரண மல்டிமீட்டர். இரண்டு ஜாக்கும் அரை மீட்டர் வயரும் அதிகமாகவே வாங்குங்கள். முதல் இரண்டு ஒட்டு நன்றாக வராது, எல்லோருக்கும் அப்படித்தான்.

நீளத்தை போர்டில் பெடல்களை வைத்த பிறகே அளக்க வேண்டும். ஒரு ஜாக்கிலிருந்து அடுத்த ஜாக் வரை நூல் வைத்துப் பார்த்து, நான்கு சென்டிமீட்டர் கூட்டி வெட்டுங்கள். இழுத்துப் பிடித்த வயர் ஒட்டிலேயே அறுந்துபோகும்.

வெட்டியதும் முதல் வேலை, ஜாக்கின் மூடியை வயரில் கோத்துவிடுவது. நேரான ஜாக்கில் ஒட்டி முடித்த பிறகு மூடி உள்ளே போகாது, மறுபடி பிரிக்க வேண்டிவரும். மேல் ரப்பரை ஒன்றரை சென்டிமீட்டர் சீவுங்கள். ஷீல்டு இழைகளை ஒருபக்கம் ஒதுக்கி முறுக்குங்கள். இப்போது நடுக் கோரைப் பாருங்கள். கிட்டார் வயராக இருந்தால் அதன் மேல் மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக் உறை இருக்கும். அது வெறும் பிளாஸ்டிக் அல்ல, மின்சாரம் கடத்தும், வயர் அசையும்போது வரும் கரகரப்பை அடக்குவதற்காக வைத்தது. அதையும் ஷீல்டு தொடாத அளவுக்குச் சீவிவிட வேண்டும். விட்டுவைத்தால் நடுக் கோரையும் ஷீல்டையும் அது தொட்டுக்கொண்டு சத்தத்தைத் தின்னும். முதல் தடவை நான் வயரை மூன்று முறை பிரித்து ஒட்டியும் மங்கலாகவே ஒலித்ததற்கு இதுதான் காரணம் என்று பிறகுதான் தெரிந்தது.

நடுக் கோர் ஜாக்கின் நுனிக்குப் போகும் காதில், ஷீல்டு நீளமான காதில். ஒட்டும் இரண்டு இடத்திலும் முதலில் தனித்தனியாக ஈயம் பூசிக்கொள்ளுங்கள், பிறகு சேர்த்து வைத்துச் சூடு காட்டுங்கள். அயர்னால் உலோகத்தைச் சூடாக்கி, ஈயத்தை உலோகத்தில் வைத்து உருக்க வேண்டும். அயர்ன் நுனியில் உருக்கி மேலே சொட்டினால் ஒட்டாது. நல்ல ஒட்டு பளபளப்பாக, சப்பையாகப் படர்ந்திருக்கும். உருண்டையாக மங்கி நின்றால் மறுபடி செய்யுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். ஈயம் அது.

மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து நுனிக்கு நுனி, உடலுக்கு உடல் தொட்டால் ஒலிக்க வேண்டும். நுனிக்கும் உடலுக்கும் நடுவில் ஒலிக்கவே கூடாது. வயரை ஆட்டிக்கொண்டே ஒரு தடவை பாருங்கள். ஆட்டும்போது பீப் விட்டு விட்டு வந்தால் அந்த வயர் மேடைக்குப் போகத் தகுதியில்லை.

இரண்டு ஜாக்கையும் ஒட்டவைத்ததுபோல் வயரே இல்லாத கப்ளர் ஒன்று விற்கிறது. பார்க்கச் சுத்தமாக இருக்கும், இடமும் மிச்சம். ஆனால் ஒரு பெடலை மிதிக்கும் அழுத்தம் முழுவதும் பக்கத்துப் பெடலின் ஜாக்குக்குப் போகிறது. ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் பாட்டு நடுவே என் கோரஸ் பெடலின் ஜாக் உடைந்தது அப்படித்தான். அன்றோடு அதை விட்டுவிட்டேன்.

வரிசை

கிட்டாரிலிருந்து முதலில் டியூனர், அடுத்து வா, ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், பிறகு சத்தத்தை அலைபோல அசைக்கும் கோரஸ் அல்லது ஃபேசர், கடைசியில் டிலே, ரிவர்ப். இது சட்டமல்ல, ஆனால் தொடங்க இதுதான் நல்ல இடம். டிலேயை டிஸ்டார்ஷனுக்கு முன் வைத்தால் எதிரொலிகள் எல்லாம் சேர்ந்து கசங்கும். மலைக்கு முன்னால் கத்தினால் கத்தல் முழுதாகத் திரும்பி வரும் அல்லவா, அதுபோல முழுதாக உருவான சத்தம்தான் டிலேக்குள் போக வேண்டும். பழைய ஃபஸ் இருந்தால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால், கிட்டாருக்கு நேரடியாக வையுங்கள். அது கிட்டார் பிக்கப்போடு (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்) நேரே பேசும்போதுதான் வால்யூம் குமிழைக் குறைத்தவுடன் தெளிகிறது.

வயர் நீளம் கூடக்கூட உச்சத் தொனி மங்கும். ஆறு மீட்டர் கேபிள் உள்ளே, ஆறு மீட்டர் வெளியே என்றால் காதுக்கே தெரியும். தொடக்கத்தில் பஃபர் (சிக்னலை வலுவாக்கி அனுப்பும் சர்க்யூட்) உள்ள ஒரு பெடல் இருந்தால் இது நின்றுவிடும். பாஸ் பெடல்களில் அணைத்திருக்கும்போதும் பஃபர் வேலை செய்யும், அதனால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். எல்லாமே ட்ரூ பைபாஸ் பெடல்களாக (அணைத்தால் சிக்னலை அப்படியே நேரே விடுபவை) இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள்.

பாஸ் மாதிரிப் பெடல்களில் இன்புட் வலப்பக்கம், அவுட்புட் இடப்பக்கம். அதனால் போர்டிலும் வலமிருந்து இடமாக அடுக்குங்கள்.

நம் ஆட்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சபையிலும் லைட் மியூசிக் மேடையிலும் பல நேரம் கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இருக்காது, நேராக சவுண்டு மிக்சருக்குத்தான் போகும். டிஸ்டார்ஷனை அப்படியே மிக்சரில் கொடுத்தால் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் ஒலிக்கும். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும், மேடை ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அப்படியே கொட்டும். அதனால் வரிசையின் கடைசியில் ஆம்பையும் ஸ்பீக்கர் பெட்டியையும்போல ஒலிக்கச் செய்யும் ஏதாவது ஒன்று வேண்டும். பழைய மல்டி எஃபெக்ட்ஸ் வீட்டில் சும்மா கிடந்தால் அதை இதற்கே வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு டி.ஐ. பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சிறிய பெட்டி) வழியாக மிக்சருக்குப் போனால், முப்பது மீட்டர் வயரிலும் சத்தம் சுத்தமாக வரும்.

ஒட்டுவதும் கட்டுவதும்

இரண்டு அங்குல அகல வெல்குரோவை தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் வாங்குங்கள். மென்மையான பக்கம் பலகைக்கு, முரட்டுப் பக்கம் பெடலுக்கு. நண்பர்களோடு பெடல் மாற்றிக்கொள்ளும்போது எல்லோரும் ஒரே மாதிரி ஒட்டியிருந்தால் சிக்கல் இல்லை. தையல் கடை வெல்குரோவில் பசை இருக்காது. ஃபெவிகால் எஸ்.ஆர். பூசி, இரண்டு பக்கமும் தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு அழுத்துங்கள். பலகைப் பக்கம் கூடவே ஸ்டேப்ளர் கன்னில் நாலு பின் அடித்துவிட்டால் வெயில் நாளிலும் நழுவாது. பெடலின் அடியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்த பிறகு ஒட்டுங்கள்.

பெடலில் பசை படக் கூடாது என்று நினைத்தால் சைக்கிள் கடையில் பழைய செயின் ஒன்று கேளுங்கள். அதிலிருந்து பிரித்த ஒற்றைக் கண்ணியில் இரண்டு துளை இருக்கும். பெடலின் அடித்தகட்டு மூலை ஸ்குரூவைக் கழற்றி, கண்ணியின் ஒரு துளை வழியாக மறுபடி போட்டு இறுக்கினால் மறு துளை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு மர ஸ்குரூ, பலகையில் இறங்கிவிடும். குறுக்குமூலையில் இரண்டு போதும். விற்கும்போது கழற்றினால் பெடல் புதிதுபோல இருக்கும்.

பவர் வயர்கள் ஒரு ஓரமாகவும் பேட்ச் கேபிள்கள் வேறு ஓரமாகவும் ஓடட்டும். குறுக்கே வந்துதான் ஆக வேண்டும் என்றால் நேர்க்குறுக்காக வெட்டிப் போகட்டும். கேபிள் டையை எல்லாம் வாசித்துச் சோதித்த பிறகு கடைசியாக இறுக்குங்கள்.

செலவு கேட்பீர்கள். கடைசியாக ஒரு நண்பருக்குச் செய்ததில் பிளைவுட் துண்டுகள் 250 ரூபாய், ஸ்குரூவும் ரீப்பரும் (மெல்லிய மரச்சட்டம்) 120, பெயின்ட், உப்புத்தாள் 200, வெல்குரோ, பசை 300, ஜாக்குகளும் வயரும் 900, இரண்டு அடாப்டரும் டெய்சி செயினும் 700, மல்டிமீட்டர் 350. மொத்தம் 2,820. சால்டரிங் அயர்னும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கையில் இருந்தன. கடைக்குக் கடை இது மாறும்.

எடுத்துப் போக நான் பயன்படுத்துவது பரணில் கிடந்த கடின உறை சூட்கேஸ், உள்ளே பழைய ஸ்பாஞ்ச். எல்லாம் சேர்ந்து ஆறு கிலோவுக்குள்தான் வருகிறது. மழைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை.

சத்தம் வராவிட்டால்

முதல் மேடைக்கு முன் வீட்டில் இதைப் பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். கிட்டாரை நேராக ஆம்பிலோ மிக்சரிலோ செருகுங்கள், சத்தம் வந்தால் கோளாறு போர்டில். வரிசையின் நடுவில் இருக்கும் பெடலின் அவுட்புட்டிலிருந்து வயரை வெளியே எடுங்கள். சத்தம் வந்தால் முன்பாதி நன்றாக இருக்கிறது, பின்பாதியை மறுபடி இரண்டாகப் பிரியுங்கள். ஆறு பெடலில் மூன்று தடவைக்குள் இடம் தெரிந்துவிடும். பெடலில் விளக்கே எரியவில்லை என்றால் பவர், விளக்கு எரிந்தும் சத்தமில்லை என்றால் பெரும்பாலும் பேட்ச் கேபிள்.

வெல்குரோவின் ஓரத்தில் ஒரு நீளமான பேட்ச் கேபிளையும், சூட்கேஸ் மூடியில் ஒரு 9 வோல்ட் பேட்டரியையும், போர்டின் அடியில் வரிசையை எழுதிய ஒரு சீட்டையும் எப்போதும் வைத்திருங்கள். பேட்டரி போட்ட பெடலில் இன்புட் ஜாக் செருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். நிகழ்ச்சி முடிந்து மூட்டை கட்டும்போது முதலில் அந்த ஜாக்கைக் கழற்றிவிடுங்கள்.